மூன்றாவது தடவை கேட்டபோது

ரெய்னோ காங்கஸைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதிக்கோ. பேரையும் போட்டுக்கோ. என்னைப் பத்தி இந்த ஊருக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்குத்தான் தெரியாம இருந்தது," என்று சேர்த்துக்கொண்டார்.

சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், மிச்சிகனின் வடகோடியில் இருக்கிறது எங்கள் ஊர். பாதிப்பேர் ஃபின்லாந்திலிருந்து மரம் வெட்டவும் தாமிரம் தோண்டவும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ரெய்னோவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். 1967-ல் அவர் பள்ளியை முடித்த வருடம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து, அந்த வகுப்பின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அப்படியே ஒரு ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். வயதாக ஆக மனிதன் எப்படி மாறுகிறான் என்பதுதான் ஆய்வு. ஏழு வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து ரத்தம் எடுப்பார்கள், பதினைந்து வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள்.

பலர் செத்துப்போனார்கள். பலர் ஊரைவிட்டுப் போய், வர மாட்டேன் என்று எழுதிவிட்டார்கள். ரெய்னோ ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. "ஏழு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் நம்மள உக்கார வச்சு நாள் பூரா கேக்கறாங்க. கட்டின பொண்டாட்டிகூட என்னை அவ்வளவு கேட்டதில்ல," என்பார். மனைவி அப்போது உயிரோடு இருந்தாள். அவளிடமும் இதையே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

நான் 1988-ல் இந்த வேலையில் சேர்ந்தேன். எனக்கு இருபத்து நான்கு வயது. முப்பத்தைந்து வருடமாகக் கேள்வி கேட்டே பிழைத்தவள். இந்த ஊர்க்காரர்களின் எடை, தூக்கம், சண்டை எல்லாம் எனக்குத் தெரியும். கடைக்குப் போனால் என்னைப் பார்த்ததும் சிலர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

ரெய்னோ முப்பத்து நான்கு வருடம் மாவட்டச் சாலைத் துறையில் பனி அள்ளும் லாரி ஓட்டினார். எங்கள் பக்கம் நவம்பரில் விழ ஆரம்பிக்கிற பனி ஏப்ரல் வரை விடாது. ரோட்டுப் பனியை லாரி ஒதுக்கிக்கொண்டே போகும்போது, ஒதுக்கிய பனி ஒவ்வொரு வீட்டு வாசலையும் அடைத்துவிடும். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து திட்டிக்கொண்டே அதை மறுபடி அள்ளுவார்கள். ரெய்னோ மட்டும் தனியாக இருக்கிற கிழவிகள் வீடு வந்தால் வண்டியை மெதுவாக்கி, முன்னால் பனியை ஒதுக்குகிற அலகைத் தூக்கி, வாசலைத் தாண்டியதும் இறக்குவார். அதனால் நேரமாகிறது என்று மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். "அவங்களுக்குத் தொண்ணூறு வயசு. நான் ஒரு பிடியை இழுத்தாப் போதும்," என்றாராம் ரெய்னோ. அதோடு அந்த விசாரணை முடிந்தது.

அதிகம் பேசாத மனுஷர். ஆனால் அவரிடம் ஒரே ஒரு கதை உண்டு. யார் காபி கொடுத்தாலும் அது வெளியே வரும். இருபத்துமூன்று வயதில் அவருக்குச் சரக்குக் கப்பல் மாலுமிப் பள்ளியில் இடம் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வெட்டிச் சாய்த்த மரத்தின் அடியில் சிக்கி முதுகெலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு பிள்ளைகளில் ஒருவன் வீட்டில் இருந்தாக வேண்டும். தம்பி வைனோ முந்திக்கொண்டு டெட்ராய்ட்டுக்கு ஓடிவிட்டான். படித்து வாத்தியாராகிவிட்டான். "நான் மாட்டிக்கிட்டேன். ஒன்பது வருஷம் அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டினேன். இல்லேன்னா இந்நேரம் கப்பல் கேப்டன்," என்று முடியும் கதை. ஊரே மனப்பாடமாகச் சொல்லும். நானும் அதை நம்பினேன்.

2005-ல் அவர்கள் அம்மா இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரெய்னோ இந்தக் கதையை எடுத்தார். வைனோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "யாரு ஓடினது? நீதானே என்னை பஸ் ஏத்தி விட்ட. தண்ணியப் பாத்தா உனக்கு எப்பவுமே பயம்," என்றார். ரெய்னோ, அத்தனை பேர் முன்னாலும், "பொய்யன்," என்றார். அதன் பிறகு இருவரும் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, வைனோ ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, 2012-ல் திரும்பி வந்து அப்பாவின் நிலத்தில் தன் பாதியில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டார். இரண்டு பாதிக்கும் நடுவே அப்பா கட்டிய சௌனா இருக்கிறது, அந்த வெந்நீராவிக் குளியல் அறை. அதைப் பிரிக்க முடியாது. எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை சௌனா இல்லாமலும் முடியாது. யாரும் வாய் திறந்து பேசாமலே ஒரு ஏற்பாடு அமைந்தது. நாலு மணிக்கு வைனோ, ஆறு மணிக்கு ரெய்னோ. முதலில் வருகிறவர் அடுப்பு அணையாமல் கட்டை போட்டுவிட்டு, வாளியில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவார். விரோதிக்கு வெந்நீர் வைத்துவிட்டுப் போகிற ஊர் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

2023 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ரெய்னோ ஆறு மணிக்குப் போனார். சௌனாவின் கதவு அகலத் திறந்து கிடந்தது. அடுப்பு அணைந்திருந்தது. வாசலிலிருந்து வெறுங்கால் தடங்கள் பனியில் வைனோ வீட்டுக்குப் போகாமல், ரோட்டுப் பக்கமாகப் போயிருந்தன. ரெய்னோ தடத்தைப் பிடித்துப் போய், துண்டைச் சுற்றிக்கொண்டு தபால் பெட்டியருகே நின்ற தம்பியைத் தன் கோட்டில் சுருட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. டெட்ராய்ட்டிலிருந்து வைனோவின் மகள் டானா வந்து டாக்டரிடம் காட்டினாள். மறதி நோய். ஜூன் மாதம் அப்பாவைத் தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு காப்பகத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மார்ச்சில் ரெய்னோவின் முறை வந்தது. எழுபத்து நான்கு வயது, ஒன்பதாவது தடவை. பதினைந்து வார்த்தைகளில் ஒன்பதைத் திருப்பிச் சொன்னார். ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள் சொல்ல முடியும் என்ற கேள்விக்கு வழக்கம்போல மீன்களையே அடுக்கினார். எல்லாம் முடிந்து கோட்டை மாட்டிக்கொண்டவர் போகாமல் நின்றார்.

"ஆர்லின், நான் சொன்னதெல்லாம் எழுதி வச்சிருக்கீங்கல்ல?"

"ஆமா."

"மொதல்லேர்ந்தா?"

"மொதல்லேர்ந்து. என்ன வேணும் உங்களுக்கு?"

"அந்தக் காலத்துல நான் சொன்னது. அப்பாவுக்கு முதுகு போச்சே, அதுக்கடுத்த தடவை. எனக்கு அது வேணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வைனோவுக்கு எல்லாம் மறந்துக்கிட்டே வருது. மறக்கறதுக்குள்ள அவன் வாயால ஒத்துக்கணும். நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க எழுதினதுன்னா நம்புவான். அவன் வாத்தியாரு, காகிதத்தை மதிப்பான்."

அவரவர் கோப்பைக் கேட்டுப் படிக்க அவரவருக்கு உரிமை உண்டு. யாரும் கேட்பதில்லை. பழைய எடையைப் பார்க்க யாருக்கு ஆசை? மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன்.

கோப்பை எடுத்து வைக்கும்போது நான் முன்கூட்டியே படித்திருக்கக் கூடாது. படித்தேன். 1974-ம் வருடப் பக்கத்தில், எனக்கு முன்னால் இருந்தவர் தட்டச்சு செய்திருந்தது இது. கடந்த ஏழு வருடத்தில் எடுத்த பெரிய முடிவு எது என்ற கேள்விக்கு ரெய்னோ சொன்ன பதில்:

"தம்பியை அனுப்பினது. அப்பாவுக்கு முதுகு போனதும் ஒருத்தன் வீட்ல இருக்கணும்னு ஆச்சு. வைனோ தான் இருக்கேன்னான். அவன் புஸ்தகம் படிக்கறவன், இங்க இருந்தா வாடிப் போயிடுவான். நான்தான் அப்பாகிட்ட பேசி அவனை பஸ் ஏத்தி விட்டேன். எனக்கு இந்த ஊர் பிடிக்கும். கப்பல் பள்ளிக்கூடத்துலேர்ந்து ஒரு காகிதம் வந்தது, போகல. தண்ணின்னா எனக்குக் கொஞ்சம் பயம்."

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்தக் கீழ்த்தளத்தில் வைனோ சொன்னது அப்படியே இருந்தது. அடுத்த பக்கங்களைத் திருப்பினேன். 1981-ல் கப்பல் இல்லை. 1995-ல் அரைப் பக்கம் கப்பல். 2002-ல் இரண்டு பக்கம், அதில் வைனோ ஓடிப்போகிறார். நடுவில் 1988. அங்கேதான் கப்பல் முதல் தடவை மிதக்கிறது. எழுத்து என் எழுத்து.

அந்த வருடம் பேராசிரியர்கள் ஒரு புதிய கேள்வியைச் சேர்த்திருந்தார்கள். "நீங்கள் தவறவிட்ட பாதை என்று எதைச் சொல்வீர்கள்?" கூடவே ஒரு விதி. "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் இரண்டு தடவை மறுபடி கேட்க வேண்டும். வெளியூர்ப் பேராசிரியர்கள். எங்கள் ஊரில் எதையும் மூன்று தடவை கேட்பதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாராவது காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் வேண்டாம். மூன்றாவது தடவை கேட்டால் வாங்கிக்கொண்டாக வேண்டும். மூன்றாவது தடவையும் மறுப்பவன் கேட்டவரை அவமானப்படுத்துகிறான். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான், அந்த இருபத்து நான்கு வயதில், அதே காபிக் குரலில் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நான் எழுதியிருப்பது இது:

"ஒண்ணுமில்ல." மறுபடி கேட்கப்பட்டது. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல." மறுபடி கேட்கப்பட்டது. "சரி, கப்பல்ல போயிருக்கலாம்னு எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். நல்ல பதில் வந்துவிட்டது என்று அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்ததும் நினைவிருக்கிறது.

எல்லாமே என் ஒருத்தியின் தப்பு என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான். அப்பாவைத் தூக்கித் தூக்கி ரெய்னோவுக்கும் முதுகு போயிருந்தது. வைனோ கோடைதோறும் தன் ஏரிக்கரை வீட்டுப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தார். நாற்பது வயதில் வலிக்கிற உடம்புக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. நான் கேட்டு வாங்கிய கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது, ஏறிக்கொண்டார். இருந்தாலும் அதைக் கொண்டுவந்து நிறுத்தியவள் நான்தான்.

1974-ம் வருடப் பக்கத்தை மட்டும் கொடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வெட்கத்தில்தான். கடைசியில் 1988-ஐயும் சேர்த்து இரண்டையும் மேஜையில் வைத்தேன்.

ரெய்னோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தார். விரலை வைத்து மறுபடி படித்தார்.

"இது நான் இல்ல. வேற எவனோ."

"கீழ உங்க கையெழுத்து இருக்கு."

கையெழுத்தைப் பார்த்தார். அவருடைய 'கே' எழுத்துக்கு ஒரு வால் உண்டு, அது அங்கே இருந்தது. "தண்ணின்னா பயம்னு நானா சொன்னேன்?"

"சொல்லியிருக்கீங்க."

"எனக்குத் தண்ணின்னா பயமா?" என்று என்னிடமே கேட்டார். அந்த மனுஷர் ஏரிக்கரையில் எழுபத்து நான்கு வருடம் இருந்தும் ஒரு படகு வாங்கியதில்லை. பனி உறைந்த பிறகுதான் மீன் பிடிக்கப் போவார். அவருக்கே அப்போதுதான் அது தோன்றியிருக்க வேண்டும், முகம் ஒருமாதிரி ஆயிற்று.

இரண்டாவது பக்கத்தை நானே படித்துக் காட்டினேன். மூன்று தடவை கேட்டதைச் சொன்னேன். எப்படிக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மூணாவது தடவை கேட்டா என்னதான் பண்றது," என்றார். பக்கங்களின் நகலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். நாலு மணிக்கு, வைனோவின் நேரத்தில், அவர் சௌனாவுக்குப் போனார். காகிதத்தைக் காட்டத்தான் போனார். சட்டையைக் கழற்றி வெளியே மாட்டிய பிறகுதான் காகிதம் அதில் இருப்பது நினைவுக்கு வந்தது. அந்த ஆவியில் காகிதம் நிற்காது. வெறுங்கையோடு உள்ளே போனார்.

"நாலு மணி என்னோட நேரம்," என்றாராம் வைனோ. பதினெட்டு வருடம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தெரியும். கொஞ்சம் நகரு."

வைனோ நகர்ந்தார். இரண்டு கிழவர்களும் மேல்பலகையில் அம்மணமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆவி கிளம்புவதற்காக ரெய்னோ அடுப்பின் மேல் காய்ந்துகொண்டிருந்த கல்லில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். எப்படி ஆரம்பிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வைனோ பேசினார்.

"ரெய்னோ, நான் உனக்குத் தப்புப் பண்ணிட்டேன். அப்பாவை உன் தலையில கட்டிட்டு ஓடிட்டேன். நீ கப்பல்ல போயிருக்கணும். சாகறதுக்குள்ள சொல்லிடணும்னு இருந்தேன்."

ரெய்னோ கேட்க ஆசைப்பட்டது இதைத்தான். இந்த வார்த்தைகளுக்காகத்தான் அவர் என்னிடம் வந்தார். அவை பொய் என்று தெரிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. "வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன்," என்று என்னிடம் ஒத்துக்கொண்டார். "பொய் சொல்ல மாட்டேன். நெனச்சேன்."

"இல்லடா," என்றாராம் பிறகு. "நீ ஓடல. இருக்கேன்னுதான் சொன்ன. நான்தான் உன்னை அனுப்பினேன்."

வைனோ அவரையே பார்த்தார். "அப்படியா? எனக்கும் அப்படி ஒரு ஞாபகம் இருந்தது. நீ சொல்லிச் சொல்லி, எது சரின்னே தெரியாமப் போச்சு." பிறகு வாத்தியார் கேட்கிற மாதிரியே கேட்டார். "அப்ப ஏன்டா பதினெட்டு வருஷம் பேசல?"

ரெய்னோ இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினார்.

மறுநாள் அவர் ரொட்டி எடுத்துக்கொண்டு வைனோ வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்ததும் வைனோ, "ரெய்னோ, நான் உனக்குத் தப்புப் பண்ணிட்டேன்," என்று ஆரம்பித்தார். முந்தின நாள் பேசியது எதுவும் அவரிடம் இல்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய கதை மட்டும் தங்கியிருந்தது. ரெய்னோ சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, கண்ணாடியை மாட்டி, முழுக்கப் படித்துக் காட்டினார். தண்ணீர் பயம் உட்பட. வைனோ சிரித்தார். அப்புறம் அதே கேள்வியைக் கேட்டார்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். மன்னிப்பு, காகிதம், சிரிப்பு, கேள்வி. மே மாதம் நகல் மடிப்பில் கிழிந்துவிட்டதென்று இன்னொன்று கேட்டு ரெய்னோ என் அலுவலகத்துக்கு வந்தார். இளைத்திருந்தார். காபி வேண்டுமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். வேண்டாம் என்றார், விட்டுவிட்டேன்.

"அந்தக் கேள்விக்கு என்ன சொல்றீங்க?" என்றேன்.

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு. முட்டாள்தனம்னு சொல்லிப் பாத்தேன். ரோஷம்னு சொல்லிப் பாத்தேன். நேத்து தெரியலன்னுட்டேன். நேத்து சொன்னதுதான் சரின்னு நெனக்கிறேன்."

எனக்குத் தாங்கவில்லை. முப்பத்தைந்து வருடம் கேள்வி மட்டுமே கேட்டவள், அன்றைக்கு யோசனை சொன்னேன். "ரெய்னோ, தினமும் இதைப் படிச்சு நீங்க ஏன் உங்களையே வதைச்சுக்கறீங்க? அவர் மன்னிப்புக் கேட்டா, 'சரி, மன்னிச்சிட்டேன், விடு'ன்னு சொல்லிட்டுப் போகலாமே. அவருக்கு எப்படியும் மறந்துடப் போகுது."

அவர் புது நகலை நாலாக மடித்தார்.

"மறந்துடும்தான். ஆனா மறக்கற வரைக்கும், அந்த ஒரு சாயங்காலம், அவன் தப்புப் பண்ணினவனா உக்காந்திருப்பான். பண்ணாத தப்பு. பதினெட்டு வருஷம் அவனை அப்படி உக்கார வச்சாச்சு. இன்னும் ஒரு நாள்கூட முடியாது."

கிளம்பிப் போய்விட்டார். டானா வைனோவைக் கூட்டிப்போக வருவதற்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.